வீட்டில் மிக்ஸ் செய்ய ஸ்டுடியோ மானிட்டர் வாங்குவது எப்படி: அறையில் தொடங்கி ஸ்பீக்கரில் முடியும் வழி

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் என் வீட்டு அறையில் உட்கார்ந்து பாடகர் குழுப் பாடல்களும் வில்லுப்பாட்டுப் பதிவுகளும் மிக்ஸ் செய்கிறேன், அதாவது தனித்தனியாகப் பதிந்த குரலையும் வாத்தியங்களையும் அளவு பார்த்து ஒன்றாகச் சேர்க்கிறேன். ஒலியை இனிமையாக்காமல் உள்ளபடி காட்டும், இந்த வேலைக்கென்றே உள்ள ஸ்பீக்கர்தான் ஸ்டுடியோ மானிட்டர். புதிதாகத் தொடங்கும் தம்பிமார் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அண்ணே, எந்தக் கம்பெனி ஸ்பீக்கர் வாங்கலாம்?" நான் திருப்பிக் கேட்பேன்: "உன் ரூம் நீளம் எத்தனை அடி?" பெரும்பாலும் பதில் இருக்காது.

எந்தக் கம்பெனி என்பது கடைசியில் வரவேண்டிய கேள்வி. அதற்கு முன் அறை, அறையில் நீங்கள் உட்காரும் இடம், காதுக்கும் ஸ்பீக்கருக்கும் உள்ள தூரம், வூஃபர் (தாழ்ந்த ஒலியைத் தரும் பெரிய கூம்பு) அளவு என்று நான்கு முடிவுகள் உண்டு. ஒவ்வொன்றும் அடுத்ததைத் தீர்மானிக்கும். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. கடைக்குப் போகும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஓர் அளவு டேப், ஒரு நோட்டு. கொத்தனார் வைத்திருக்கும் இரும்பு டேப் போதும்.

ஆடியோ இன்டர்ஃபேஸ் (கம்ப்யூட்டருக்குள் ஒலியை எடுக்கவும் வெளியே அனுப்பவும் உதவும் பெட்டி) இருக்க வேண்டும், அல்லது அதற்கான பணம் தனியாக இருக்க வேண்டும். மானிட்டரை லேப்டாப்பின் ஹெட்போன் துளையில் மாட்டினாலும் பாடும். ஆனால் சார்ஜரைப் போட்டதும் பின்னணியில் ஒரு இரைச்சல் ஏறிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். இன்டர்ஃபேஸின் பின்பக்கம் கால் இன்ச் டிஆர்எஸ் அவுட் (முனையில் மூன்று தொடர்பு உள்ள ஜாக்குக்கான துளை) இரண்டு இருக்கிறதா என்று பாருங்கள்.

உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த எட்டுப் பத்துப் பாடல்களைத் தரம் குறையாத வாவ் அல்லது ஃப்ளாக் ஃபைலாகச் சேர்த்து வையுங்கள். யூடியூபிலிருந்து இறக்கியவை வேண்டாம். தரத்தை இழந்து சுருக்கப்பட்ட ஃபைலில் ஜால்ராவின் மேல் ஒலி ஏற்கெனவே கெட்டிருக்கும். அதைக் கேட்டுவிட்டு, மேல் ஒலியைத் தரும் ட்வீட்டரைக் குறை சொல்ல நேரும்.

கடைசியாக, நீங்கள் வேலை செய்யும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தரையிலிருந்து காது வரை உள்ள உயரத்தை வீட்டில் யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். எனக்கு 44 இன்ச். ஸ்டாண்டின் உயரத்தை இந்த எண்தான் சொல்லப்போகிறது.

2. அறையை அளந்து எழுதுங்கள்

நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடிக்கணக்கில் எழுதுங்கள். பிறகு 565-ஐ ஒவ்வோர் எண்ணாலும் வகுங்கள். 12 அடிக்கு 47 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 47 அதிர்வு) வரும். 10 அடிக்கு 56, 9 அடிக்கு 63.

இது என்ன கணக்கு? ஒலி நொடிக்குச் சுமார் 1,130 அடி ஓடுகிறது. சுவரில் பட்டு எதிர்ச் சுவருக்குப் போய்த் திரும்பும் தூரமும், ஒரு தாழ்ந்த ஸ்வரத்தின் அலைநீளமும் ஒன்றாக இருந்தால் அந்த ஸ்வரம் மட்டும் அறைக்குள் தேங்கி நிற்கும். சில இடத்தில் நின்றால் வீங்கிக் கேட்கும், சில இடத்தில் காணாமலே போகும். அந்த எண்ணின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஹெர்ட்ஸிலும் இது நடக்கும். ஆனால் முதல் எண்தான் மிக்ஸை அதிகம் கெடுப்பது.

பேஸ் கிட்டாரின் ஏ கம்பியைக் கை வைக்காமல் மீட்டினால் வருவது 55 ஹெர்ட்ஸ். 10 அடி அறையின் எண் 56. மார்த்தாண்டம் பக்கம் ஒரு தம்பியின் அறை நீளம் சரியாகப் பத்தடி. பின் சுவரில் தலை படுகிற மாதிரி உட்கார்ந்து மிக்ஸ் செய்வான். ஏ ஸ்வரம் வரும்போதெல்லாம் பேஸ் (தாழ்ந்த ஒலி) மொத்தென்று இடித்ததால் ஈக்யூவில் (ஒலியின் ஒரு பகுதியை மட்டும் ஏற்றி இறக்கும் கருவி) அதை வெட்டி வெட்டிக் குறைத்துவிட்டான். அந்தப் பாட்டைச் சபையின் ஸ்பீக்கரில் போட்டபோது அதே இடத்தில் பேஸ் இல்லவே இல்லை. அவன் காது கேட்டதற்குத்தான் கை வேலை செய்தது. காதுக்குப் பொய் சொன்னது அறை.

மூன்று எண்களில் இரண்டு ஒன்றாக வந்தால் எச்சரிக்கை. நம் கான்கிரீட் வீடுகளில் பத்துக்குப் பத்து அறையும் பத்தடி உயரமும் சாதாரணமாகப் பார்க்கலாம். மூன்று பக்கமும் 56 ஹெர்ட்ஸிலேயே தேங்கும் பெட்டி அது. வீட்டில் நீளம், அகலம் வேறுபட்ட வேறு அறை கிடைத்தால் அங்கே மாறுங்கள். செலவில்லாமல் கிடைக்கும் மிகப் பெரிய முன்னேற்றம் அதுதான்.

சுவர் எதனால் ஆனது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். இணையத்தில் வரும் ஆலோசனைகள் பல, மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்த வெளிநாட்டு வீடுகளை மனதில் வைத்துச் சொல்லப்படுபவை. அந்தச் சுவர் கொஞ்சம் அதிர்ந்து, பேஸில் ஒரு பங்கை வெளியே விட்டுவிடும். நம்முடையது செங்கல், சிமெண்ட் பூச்சு, கான்கிரீட் கூரை, தரையில் டைல்ஸ். பேஸ் வெளியே போக வழியில்லை. ஆகவே அதே அளவு அறைக்கு அவர்கள் சொல்லும் ஸ்பீக்கரை விட ஒரு படி சிறியதே நமக்குப் பொருந்தும்.

மரமச்சு போட்ட பழைய ஓட்டு வீடு உங்களுக்கு இருந்தால் அதை அலட்சியமாக நினைக்காதீர்கள். மச்சும் ஓடும் பேஸைத் தேங்கவிடாமல் கொஞ்சம் கசிய விடுகின்றன. மழை பெய்யும்போது வேலை செய்ய முடியாது என்பது உண்மைதான்.

3. நாற்காலி எங்கே என்று முடிவு செய்யுங்கள்

ஸ்பீக்கர் வாங்கும் முன்பே இதைச் செய்ய வேண்டும், ஏனென்றால் வூஃபரின் அளவை இந்த இடம்தான் சொல்லும்.

அகலம் குறைந்த சுவரைப் பார்த்து, அறையின் நீளவாக்கில் ஒலி ஓடும்படி உட்காருங்கள். பின் சுவர் தலையிலிருந்து தூரமாக இருக்க வேண்டும். இடது சுவரும் வலது சுவரும் உங்களிடமிருந்து ஒரே தூரத்தில் இருக்கட்டும். ஒரு பக்கம் சுவர், இன்னொரு பக்கம் திறந்த கதவு என்றால் பாடகரின் குரல் நடுவில் நிற்காது. நீங்கள் பேன் நாபை (ஒலியை இடது வலதாக நகர்த்தும் திருகு) திருகிச் சரிசெய்யப் பார்ப்பீர்கள். மற்ற எல்லா இடத்திலும் அது கோணலாகக் கேட்கும்.

முன் சுவரிலிருந்து அறை நீளத்தில் 38 சதவீதத்தில் தலை இருந்தால் நல்ல தொடக்கம். 12 அடி அறையில் அது ஏறக்குறைய நாலரை அடி. சரியாக நடுவில், அதாவது ஆறடியில் உட்கார்ந்தால் அந்த 47 ஹெர்ட்ஸ் உங்களுக்குக் கேட்கவே கேட்காது. ஈக்யூவில் ஏற்றினாலும் வராது. நேராக வரும் ஒலியும் சுவரிலிருந்து திரும்பும் ஒலியும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் இடம் அது. ஒன்றை ஏற்றினால் மற்றதும் கூடவே ஏறும்.

இப்போது தரையில் சாக்பீஸால் முக்கோணம் போடுங்கள். முன் சுவரிலிருந்து ஓரடி தள்ளி ஸ்பீக்கர்களின் முகம், அங்கிருந்து மூன்றரை அடி தள்ளி தலை. இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையே நான்கடி, ஒவ்வொன்றிலிருந்தும் தலைக்கு நான்கடி. மூன்று பக்கமும் சமம். 10 அடி அகல அறையில் இரு பக்கமும் மூன்றடி மிச்சமிருக்கும்.

"சுவரிலிருந்து தள்ளி வைக்க வேண்டாமா?" என்று பலர் கேட்பார்கள். பாதி தள்ளுவதுதான் ஆபத்து. ஸ்பீக்கர் முகத்துக்கும் முன் சுவருக்கும் உள்ள தூரத்தை அடியில் எடுத்து 282-ஐ அதால் வகுங்கள். மூன்றடி என்றால் 94 ஹெர்ட்ஸிலும் இரண்டடி என்றால் 141 ஹெர்ட்ஸிலும் குழி விழும். பேஸ் கிட்டாரும் தவிலின் தொப்பிப் பக்கமும் உயிரோடு இருக்கும் இடம் அது. ஓரடிக்குக் கொண்டுவந்தால் குழி 280-க்கு மேலே ஏறிவிடும். அந்த உயரத்தில் ஸ்பீக்கர் பின்பக்கமாக வீசும் ஒலி குறைவு, ஆகவே குழியின் ஆழமும் குறையும். சுவரை ஒட்டியதால் கூடும் பேஸை ஸ்பீக்கரின் பின்னால் உள்ள சுவிட்சால் குறைத்துக்கொள்ளலாம். சிறிய அறைக்கு நான் எப்போதும் சுவரோரத்தையே சொல்வேன்.

4. அந்த இடம் சொல்லும் வூஃபர் அளவு

நான்கடி தூரம், பத்துக்குப் பன்னிரண்டு அறை என்றால் 5 இன்ச். இதில் நான் அதிகம் தயங்குவதில்லை. அறை அதைவிடச் சிறியது, நாற்காலி மூன்றடியில் என்றால் மூன்றரை அல்லது 4 இன்ச். நீளம் 15 அடிக்கு மேல் போய், ஐந்தாறு அடி தள்ளி உட்கார இடமிருந்தால் ஆறரை அல்லது 7 இன்ச் யோசிக்கலாம். 8 இன்ச் ஸ்பீக்கரை, ஒலியை உறிஞ்ச அறைக்கு வேண்டிய பஞ்சுப் பலகைகளையெல்லாம் செய்து முடித்தவர்களுக்கு மட்டும் சொல்வேன்.

நான் முதலில் வாங்கியது 8 இன்ச். கடையில் கேட்டபோது நெஞ்சில் வந்து இடித்தது, மயங்கிவிட்டேன். வீட்டில் அந்த இடி எட்டு மாதம் என் மிக்ஸ்களைக் கெடுத்தது. பேஸ் ஏராளமாக இருப்பதாக நினைத்துக் குறைத்துக்கொண்டே வந்தேன். விற்றுவிட்டு 5 இன்ச் வைத்த பிறகுதான் குடத்தின் ‘தும்’ எங்கே முடிகிறது என்று எனக்குத் தெரிந்தது.

காரணம் எளிது. பெரிய வூஃபர், அறை தேக்கிவைக்கும் அதே 40, 50 ஹெர்ட்ஸை அதிகமாக ஊற்றுகிறது. சிறிய வூஃபர் அந்தப் பகுதியில் தானாகவே இறங்கிவிடும். பெரிய ஸ்பீக்கரில் வூஃபரும் ட்வீட்டரும் ஒன்றுக்கொன்று தள்ளி இருப்பதால், பக்கத்தில் உட்கார்ந்தால் இரண்டும் தனித்தனியாகக் கேட்கும் சிக்கலும் உண்டு.

அப்படியானால் 5 இன்ச்சில் கேட்காத அடிப் பேஸை என்ன செய்வது? இது நியாயமான கேள்வி. மூடிய வகை ஹெட்போனில் ஒருமுறை கேளுங்கள், திரையில் ஸ்பெக்ட்ரம் அனலைசரில் (எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு ஒலி என்று வரைந்து காட்டும் மென்பொருள்) ஒருமுறை பாருங்கள். வாக்ஸெங்கோ ஸ்பான் என்ற அனலைசர் இலவசமாகக் கிடைக்கிறது. 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே மலை மாதிரி எழுந்து நின்றால் அங்கே வெட்ட வேண்டியிருக்கும். இந்த இரண்டும் இருந்தால், அடிப் பேஸுக்கான தனி ஸ்பீக்கரான சப் வூஃபர் இப்போதைக்கு வேண்டாம்.

5. விவரத்தாளை ஏமாறாமல் படியுங்கள்

எத்தனை ஹெர்ட்ஸ் வரை இறங்கும் என்ற எண்ணைத்தான் எல்லோரும் முதலில் பார்க்கிறார்கள். அது எத்தனை டெசிபல் (சத்தத்தின் அளவு) குறைந்த இடத்தில் எடுத்தது என்று சேர்த்துப் பார்க்க வேண்டும். யமஹாவின் 5 இன்ச் மானிட்டரான எச்எஸ்5-க்கு 54 ஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கும். அது 10 டெசிபல் இறங்கிய இடம். 3 டெசிபல் கணக்கில் அதே ஸ்பீக்கர் 74 ஹெர்ட்ஸ். ஜேபிஎல் 305பி மார்க் 2-க்கு 10 டெசிபல் கணக்கில் 43, 3 டெசிபல் கணக்கில் 49. ஒன்றின் 54-ஐ இன்னொன்றின் 49-ஓடு ஒப்பிட்டால் அர்த்தமே இல்லை. ஒரே கணக்கில் இரண்டையும் வைத்துப் பாருங்கள்.

49 என்பது 74-ஐ விட நல்லது என்றும் முடிவு கட்ட வேண்டாம். உங்கள் அறையின் எண் 47 அல்லது 56 என்று நோட்டில் எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தில் ஸ்பீக்கர் குறைவாகக் கொடுப்பது சில அறைகளில் நன்மை.

வாட்டுக்கு அதிக மதிப்புக் கொடுக்காதீர்கள். வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். நான்கடி தூரத்தில் வேலை செய்பவருக்கு இன்று சந்தையில் உள்ள எந்த 5 இன்ச் மானிட்டரின் வாட்டும் போதும்.

பின்பக்கச் சுவிட்சுகள் முக்கியம். எச்எஸ்5-இல் ரூம் கன்ட்ரோல் சுவிட்ச் 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே 2 அல்லது 4 டெசிபல் குறைக்கும். 305பி-யில் சுவரோரத்துக்கென்றே தனிச் சுவிட்ச், ஒன்றரை அல்லது 3 டெசிபல். சுவரை ஒட்டி வைக்கப்போகிற நமக்கு இப்படி ஒன்று கட்டாயம் வேண்டும்.

ஸ்பீக்கர் பெட்டியின் காற்றுத்துளை முன்னால் இருந்தால் சுவரில் ஒட்டி வைத்தாலும் பேஸ் கூடாது என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. தவறு. தாழ்ந்த ஒலி துளை எந்தப் பக்கம் இருந்தாலும் ஸ்பீக்கரைச் சுற்றி எல்லாப் பக்கமும் பரவும், சுவர் அதைத் திருப்பி அனுப்பத்தான் செய்யும். பின்துளை ஸ்பீக்கருக்கு நான்கைந்து இன்ச் இடைவெளி விட்டால் போதும், முன்துளைக்கு அதுவும் தேவையில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

6. பணத்தைப் பிரியுங்கள்

கையில் உள்ளதில் பாதியிலிருந்து அறுபது சதவீதம் ஸ்பீக்கருக்கு. மீதியில் கேபிள், ஸ்டாண்ட், அறைக்கான பஞ்சுப் பலகை. முழுப் பணத்தையும் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அதைக் கம்ப்யூட்டர் மேசையின் மூலையில் வைப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். பாதி விலை ஸ்பீக்கர், சரியான இடத்தில் நின்றால் அதைவிட உண்மையைச் சொல்லும்.

விலை போட்டிருப்பது ஒன்றுக்கா, ஜோடிக்கா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். ஸ்டுடியோ மானிட்டர்கள் பல ஒற்றையாகவே விற்கப்படுகின்றன. ஆர்டர் போட்டு ஒரே ஒரு ஸ்பீக்கர் வந்து நின்றவர்கள் என்னிடம் பலமுறை அழைத்திருக்கிறார்கள். "இப்போ ஒன்று, அடுத்த மாசம் இன்னொன்று" என்றும் வாங்க வேண்டாம். ஒரே தடவையில் இரண்டும் வாங்குங்கள்.

கேபிள் இரண்டும் டிஆர்எஸ்ஸிலிருந்து டிஆர்எஸ் அல்லது எக்ஸ்எல்ஆராக (மைக் கேபிளில் வரும் மூன்று பின் முனை) இருக்கட்டும். கிட்டார் கேபிள் பார்க்க அதே மாதிரி இருக்கும். முனையில் ஒரு கறுப்பு வளையம் இருந்தால் கிட்டார் கேபிள், இரண்டு இருந்தால் டிஆர்எஸ். இரண்டு வளையம் உள்ளது வழியில் சேரும் இரைச்சலைக் கழித்துவிடும்.

7. கடையில் கேட்கும் முறை

நம் மாவட்டத்துக் கடைகளில் கீபோர்டும் மேடை ஸ்பீக்கரும் கிடைக்கும் அளவுக்கு, மானிட்டர்களை அருகருகே வைத்துக் கேட்கும் வசதி கிடைப்பதில்லை. திருவனந்தபுரம் நாகர்கோவிலிலிருந்து ஒரு நாளில் போய்வரும் தூரம்தான். போகும் முன் ஃபோன் செய்து, எந்த மாடல்கள் கேட்டுப் பார்க்கும் நிலையில் உள்ளன என்று விசாரியுங்கள். லேப்டாப்பையும் இன்டர்ஃபேஸையும் எடுத்துப் போங்கள்.

முதல் வேலை சத்த அளவைச் சமமாக்குவது. இதை விட்டால் மற்ற எதுவும் பயன்படாது. ஒரு டெசிபல் கூடக் கேட்கும் ஸ்பீக்கர் எல்லோருக்கும் நல்ல ஸ்பீக்கராகத் தோன்றும், அது மனிதக் காதின் இயல்பு. பிங்க் நாய்ஸ் (தாழ்ந்த ஒலி முதல் மேல் ஒலி வரை எல்லாம் கலந்த இரைச்சல்) ஒன்றைப் போட்டு, ஃபோனில் சத்தம் அளக்கும் செயலியை வைத்து, ஒவ்வொரு ஜோடியையும் ஒரே எண்ணுக்குக் கொண்டுவாருங்கள். பின்பக்கச் சுவிட்சுகள் எல்லாம் பூஜ்யத்தில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

அலமாரியில் வரிசையாக அடுக்கி வைத்திருப்பதை நின்றுகொண்டு கேட்காதீர்கள். ஒரு மேசையில் இறக்கி வைக்கச் சொல்லி, நாற்காலி போட்டு, நான்கடியில் காது உயரத்தில் கேளுங்கள். கேட்டால் செய்து தருவார்கள்.

அப்புறம் பாடல்கள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள்.

தம்புராவோடு ஒற்றைக் குரல்: குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே ஒரு புள்ளியாக நிற்க வேண்டும். அகலமாகப் பரவிக் கிடந்தால் அந்த ஜோடியிலோ வைத்த இடத்திலோ கோளாறு. பாடுபவர் மூக்கால் பாடுவது போலவோ போர்வைக்குள்ளிருந்து பாடுவது போலவோ கேட்டால் அந்த ஸ்பீக்கரின் நடு ஒலி சரியில்லை. நான் இந்த ஒரு சோதனையில் தோற்ற ஸ்பீக்கரை மேலே கேட்பதே இல்லை. நம் பாட்டுகளில் குரல்தான் எல்லாம்.

நாதஸ்வரமும் தவிலும்: வலந்தலையில் விரல்கூடு படும் வெடிப்பும் தொப்பியில் குச்சி விழும் அடியும் இரண்டு தனித்தனி ஒலியாகப் பிரிய வேண்டும். ஒன்றாகக் குழைந்தால் வேண்டாம். நாதஸ்வரம் மேல் ஸ்தாயிக்குப் போகும்போது காது கூசுகிறதா என்றும் பாருங்கள். கொஞ்சம் கூசினால் தவறில்லை, அந்த வாத்தியத்தின் குணம் அது. மூன்று நிமிடம் தாங்க முடியவில்லை என்றால் ட்வீட்டர் மிகைப்படுத்துகிறது.

வில்லுப்பாட்டுப் பதிவு: குடத்தின் அடி எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது? நின்ற பிறகும் ‘ம்ம்’ என்று இழுத்தால், அந்த இழுப்பு கடை அறையுடையதா ஸ்பீக்கருடையதா என்று பக்கத்து ஜோடியில் போட்டுப் பாருங்கள். எல்லாவற்றிலும் இழுத்தால் அது கடையின் அறை. மணிகள், ஜால்ரா, உடுக்கை மூன்றும் சேரும் இடத்தில் ஒவ்வொன்றையும் தனியாகக் காதால் தொட முடிகிறதா என்று பாருங்கள்.

பேஸ் கிட்டார் படிப்படியாக இறங்கும் ஒரு பாட்டு: எல்லா ஸ்வரமும் ஏறக்குறைய ஒரே பலத்தில் வருகிறதா? ஒரு ஸ்வரம் மட்டும் துள்ளினால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, நீங்கள் மிக்ஸ் செய்து சரியாக வராமல் போன ஒரு பாட்டைப் போடுங்கள். எந்த ஜோடியில் அதன் குறை உடனே தெரிகிறதோ அதை வாங்குங்கள். எல்லாப் பாட்டையும் இனிமையாக்கிக் காட்டும் ஸ்பீக்கர் வீட்டில் பாட்டுக் கேட்க நல்லது, மிக்ஸ் செய்ய உதவாது.

பாட்டை நிறுத்திவிட்டு ட்வீட்டர் அருகே காதை வையுங்கள். ‘உஸ்’ என்ற சத்தம் மெலிதாக இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்த நிலையிலும் அது கேட்டால், இரவு வேலையில் தொந்தரவாகிவிடும்.

ஆன்லைனில்தான் வாங்க முடியும் என்றால் திருப்பி அனுப்பும் காலம் எத்தனை நாள் என்று முதலில் படியுங்கள். அந்த நாட்களுக்குள் இந்தச் சோதனைகளை வீட்டிலேயே செய்து முடியுங்கள்.

8. வீட்டுக்கு வந்த நாள்

பெட்டியையும் உள்ளே உள்ள தெர்மோகோலையும் தூக்கி எறியாதீர்கள். சர்வீஸுக்கு வெளியூர்க் கூரியரில் அனுப்ப வேண்டி வந்தால் அந்தப் பெட்டியில்தான் பத்திரமாகப் போகும்.

ஸ்டாண்ட் வாங்கப் பணமில்லை என்றால் சிமெண்ட் ஹாலோ பிளாக் அருமையான ஸ்டாண்ட். 16 இன்ச் பிளாக் இரண்டை நிமிர்த்தி ஒன்றன் மேல் ஒன்று வைத்தால் 32 இன்ச். அதன் மேல் 5 இன்ச் மானிட்டரை வைத்தால் ட்வீட்டர் 40 இன்ச்சுக்கு வந்துவிடும். நோட்டில் எழுதிய காது உயரத்துக்கு மிச்சத்தைப் பலகையால் சரிசெய்யுங்கள். பிளாக்குகளைச் சிமெண்ட் வைத்து ஒட்டிவிட வேண்டும். குழந்தைகள் ஓடும் வீட்டில் இதைத் தள்ளிப்போடாதீர்கள். ஸ்பீக்கருக்கு அடியில் கனமான ரப்பர் ஷீட் ஒரு துண்டு.

ட்வீட்டர் காது உயரத்தில் இருக்க வேண்டியதன் காரணம், மேல் ஒலி டார்ச் வெளிச்சம் போல நேராகப் போகிறது. கீழே வைத்தால் அது உங்கள் நெஞ்சில் படும். காதுக்குக் குறைவாக வருவதால் மிக்ஸில் மேல் ஒலியைக் கூட்டிவிடுவீர்கள்.

மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை ஒருபோதும் ஒடிக்கக் கூடாது. ‘உம்ம்’ என்று இரைந்தால் லேப்டாப், இன்டர்ஃபேஸ், இரண்டு ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் போட்டுப் பாருங்கள். வெவ்வேறு பிளக் பாயிண்ட்டின் எர்த்துகளுக்கு இடையே உள்ள வேறுபாடுதான் பெரும்பாலும் காரணம். அதற்கும் நிற்கவில்லை என்றால் எலக்ட்ரீஷியனை அழைத்து வீட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆன் செய்யும்போது ஸ்பீக்கர் கடைசி, ஆஃப் செய்யும்போது ஸ்பீக்கர் முதல். இன்டர்ஃபேஸ் ஆன் ஆகும்போது வரும் ‘டப்’ வூஃபரை அறையாமல் இருக்க இந்த வரிசை.

பிறகு 40 ஹெர்ட்ஸிலிருந்து 200 வரை மெதுவாக ஏறும் ஒரு டோனைப் போட்டு நாற்காலியில் உட்கார்ந்து கேளுங்கள். எங்கே வீங்குகிறது, எங்கே மறைகிறது என்று எழுதுங்கள். நாற்காலியை அரையடி முன்னும் பின்னும் நகர்த்தி மறுபடி கேளுங்கள். வீக்கமும் பள்ளமும் குறைவாக உள்ள இடத்தில் சாக்பீஸ் கோட்டைப் புதிதாகப் போடுங்கள். 38 சதவீதம் தொடக்கப் புள்ளிதான், முடிவு காதுடையது. அளக்கும் மைக் இரவல் கிடைத்தால் ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளில் இதையே படமாகவும் பார்க்கலாம்.

9. அறைக்குச் செய்ய வேண்டியது

முட்டை அட்டை ஒட்டாதீர்கள். அது மேல் ஒலியில் கொஞ்சத்தை மட்டும் விழுங்கும், பேஸைத் தொடாது. ஒட்டிய அறை மந்தமாகவும் மொத்தென்றும் கேட்கும், முன்பை விட மோசம். 100 ஹெர்ட்ஸ் அலையில் கால் பங்கே 85 சென்டிமீட்டர் நீளம். ஒரு இன்ச் தடிப்புள்ள எதுவும் அதை நிறுத்தாது.

முதலில் பக்கச் சுவர். நீங்கள் உட்கார்ந்திருக்க, ஒருவர் கண்ணாடியைச் சுவரோடு ஒட்டி நகர்த்தட்டும். ஸ்பீக்கர் எந்த இடத்தில் கண்ணாடியில் தெரிகிறதோ அங்கே நான்கு இன்ச் ராக்வூல் (கல்லிழைப் பஞ்சு) பலகை, துணி சுற்றி. இரு பக்கமும் ஒரே மாதிரி. அடுத்து தலைக்கு மேலே கூரையில் அதே முறையில். பிறகு மூலைகள், அங்கே எவ்வளவு தடிப்போ அவ்வளவு நல்லது.

ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் இடையே டைல்ஸ் தரையில் கனமான தென்னைநார் விரிப்பு. நம் ஊரில் சுலபமாகக் கிடைக்கும். ராக்வூல் வாங்கும் வரை இலவம்பஞ்சு மெத்தை இரண்டைப் பின் மூலைகளில் நிமிர்த்தி வையுங்கள், நடு ஒலியின் எதிரொலி நன்றாகவே குறையும்.

10. சத்த அளவைக் குறித்து, பழகுங்கள்

மென்பொருளில் மைனஸ் 20 டெசிபல் அளவில் வைத்த பிங்க் நாய்ஸை ஒரு ஸ்பீக்கரில் மட்டும் போட்டு, நாற்காலியில் 75 டெசிபல் வரும்வரை இன்டர்ஃபேஸ் நாபை ஏற்றுங்கள். அடுத்த ஸ்பீக்கரையும் அதன் பின்பக்க நாபால் அதே எண்ணுக்குக் கொண்டுவாருங்கள். இன்டர்ஃபேஸ் நாப் நின்ற இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு. பேஸை முடிவு செய்யும்போது எப்போதும் அந்தக் கோட்டில்தான் இருக்க வேண்டும். சத்தம் குறைந்தால் காதுக்குப் பேஸ் அதிகமாகவே குறைந்து தெரியும், கூடினால் அதிகமாகத் தெரியும். நாளுக்கு நாள் நாபை மாற்றினால் நாளுக்கொரு மிக்ஸ் வரும்.

மின்விசிறியை நிறுத்திவிட்டு ஒருமுறையாவது முழுப் பாட்டையும் கேளுங்கள். விசிறிச் சத்தம் ரிவெர்பின் (மிக்ஸில் சேர்க்கும் எதிரொலி) வாலை மறைத்துவிடும். நீங்கள் ரிவெர்பைக் கூட்டிவிடுவீர்கள். புழுக்கம்தான், ஐந்து நிமிடம் பொறுத்துக்கொள்ளலாம்.

முதல் இரண்டு வாரம் புதிதாக எதையும் மிக்ஸ் செய்யாமல், தெரிந்த பாடல்களை மட்டும் தினமும் கேளுங்கள். அதன் பின் செய்யும் மிக்ஸை ஃபோன், கார், பாடகர் குழு பயிற்சி செய்யும் இடத்து ஸ்பீக்கர் என மூன்று இடத்தில் போட்டு, எது கூடியது எது குறைந்தது என்று அதே நோட்டில் எழுதுங்கள். நான்கைந்து பாட்டுக்குப் பிறகு ஒரே குறை திரும்பத் திரும்ப வருவது தெரியும். அப்போது பின்பக்கச் சுவிட்சை ஒரு படி மாற்றிப் பாருங்கள்.

11. உப்புக் காற்றும் இடியும்

குளச்சல், முட்டம், கன்னியாகுமரி என்று கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஜாக் முனைகளில் பச்சைக் களிம்பு பிடிக்கும். கேபிளை அடிக்கடி கழற்றாமல் மாட்டியபடியே வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றி கான்டாக்ட் கிளீனரால் துடையுங்கள். வேலை முடிந்ததும் பருத்தித் துணியால் மூடுங்கள், பிளாஸ்டிக் உறை வேண்டாம், ஈரம் உள்ளே நிற்கும். நமக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் உண்டு. மழை மாதங்களில் வேலை இல்லாவிட்டாலும் தினம் அரை மணி நேரம் ஸ்பீக்கரைப் பாட விடுங்கள். உள்ளே ஏறும் சூடு ஈரத்தை விரட்டும்.

ஐப்பசி, கார்த்திகையிலும் சித்திரையிலும் மாலையில் இடி வரும் போலிருந்தால் சுவிட்சை அணைப்பது போதாது, இடி நெருங்கும் முன்பே பிளக்கையே உருவிவிட வேண்டும். லேப்டாப்பிலிருந்து வரும் யுஎஸ்பி கேபிளையும், மோடத்திலிருந்து வரும் இணையக் கேபிளையும் சேர்த்துக் கழற்றுங்கள். அந்த வழியாகவும் மின்னல் உள்ளே வரும்.